கையில காசு, வாயில தோசை: ஒரு கேமுக்கு எப்போது பணம் கட்டலாம்?

சைபர்பங்க் 2077 என்ற வீடியோ கேம் வெளியான நாள் 2020 டிசம்பர் 10. அதற்கு முன்பே 80 லட்சம் பிரதிகளுக்கு ப்ரீ-ஆர்டர், அதாவது முன்பதிவு, குவிந்திருந்தது. ஒரு வாரம் போனது. சோனி அந்த கேமைத் தன் ஆன்லைன் கடையிலிருந்தே எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது. சோனியின் பழைய கன்சோலான (டிவியோடு இணைத்து ஆடும் கருவி) பிஎஸ்4-இல் அது ஓடிய லட்சணம் அப்படி. தெருவில் போகிறவர்கள் கண்ணெதிரே திடீரென்று முளைத்தார்கள், பக்கத்தில் போன பிறகும் முகங்கள் மங்கலாகவே இருந்தன, காரை வேகமாக விரட்டினால் படம் திக்கியது, நடுநடுவே கேம் தானாக மூடிக்கொண்டது. வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கேமைச் செய்த நிறுவனத்தின் தலைமை முதலீட்டாளர்களிடம், பழைய கன்சோல்களிலும் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக ஓடுகிறது என்று சொல்லியிருந்தது.

"இனி எந்த டெவலப்பரையும் நம்ப மாட்டேன்" என்று அன்று சபதம் போட்டவர்கள் ஏராளம். அதில் பாதிப்பேர் அடுத்த பெரிய டிரெய்லர் வந்ததும் மறுபடி வரிசையில் நின்றிருப்பார்கள் என்பது என் சந்தேகம். நம்பலாமா கூடாதா என்று பட்டிமன்றம் நடத்தி நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நம் கையில் இருக்கும் முடிவு ஒன்றே ஒன்றுதான்: பணத்தை எந்தக் கட்டத்தில் கொடுப்பது.

கட்டங்கள் பல இருக்கின்றன. கேம் வெறும் ஐடியாவாக இருக்கும்போதே கிக்ஸ்டார்ட்டர் மாதிரி நிதி திரட்டும் தளத்தில் கொடுக்கலாம். பாதி முடிந்திருக்கும்போது எர்லி ஆக்சஸில் வாங்கலாம். முடிந்துவிட்டது, ஆனால் யாரும் இன்னும் பார்க்கவில்லை என்ற நிலையில் ப்ரீ-ஆர்டர் செய்யலாம். வெளியான நாளில் வாங்கலாம். ஒரு வருஷம் பொறுத்து, பேட்ச் (பிழை திருத்தம்) எல்லாம் வந்த பிறகு தள்ளுபடியில் வாங்கலாம். வாங்காமல் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் மாதிரி மாதச் சந்தாவிலும் ஆடலாம்.

இவற்றை ஒப்பிட நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். பணம் கொடுக்கும் நிமிடத்தில் என் கையில் என்ன இருக்கிறது? காரியம் கெட்டால் நஷ்டம் யார் தலையில்?

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ப்ரீ-ஆர்டரால் நமக்கு அநேகமாக எந்த லாபமும் கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் பதில் விற்பவரைப் பொறுத்தது. பெரிய கம்பெனி என்றால் பொறுத்து வாங்க வேண்டும். மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்த கேம் என்றால் சீக்கிரம் வாங்க வேண்டும். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய கேமுக்கு முன்பணம், சின்ன கேமுக்கு "சேல் வரட்டும், பார்க்கலாம்".

ஹைப், அதாவது இந்த எதிர்பார்ப்புப் பரபரப்பு, எங்கிருந்து வருகிறது என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கேம் தயாரிப்பில் செலவு முதலில், வரவு கடைசியில். நடுவே நாலைந்து வருஷம் சம்பளம் போட யாராவது வேண்டும். அது பப்ளிஷராக இருக்கலாம், முதலீட்டாளராக இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம். யாரிடம் கேட்டாலும், இன்னும் இல்லாத ஒன்றைக் காட்டித்தான் கேட்க முடியும். ஆகவே கொஞ்சம் மிகைப்படுத்தல் இந்தத் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. எல்லோரையும் மோசடிக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மிகைக்கு நம் பாக்கெட்டிலிருந்து பணம் போக வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஐடியாவுக்குப் பணம்

2012 பிப்ரவரியில் டபுள் ஃபைன் என்ற அமெரிக்க ஸ்டூடியோ கிக்ஸ்டார்ட்டரில் 4 லட்சம் டாலர் கேட்டது. கிடைத்தது 33 லட்சம். கேட்டதைப்போல எட்டு மடங்கு வந்தால் கவலை தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? பணம் பெருகியதும் கேமும் பெருத்தது. கடைசியில் அதை இரண்டாக வெட்டி, முதல் பாதியை 2014 ஜனவரியிலும் மறுபாதியை 2015 ஏப்ரலிலும் வெளியிட்டார்கள். அது 'ப்ரோக்கன் ஏஜ்'. நல்ல கேம்தான். அகல உழுவதற்கு முன் ஆழ உழுதிருக்கலாம்.

அகல உழுவதில் உலக சாதனை ஸ்டார் சிட்டிஸன் என்ற விண்வெளி கேமுடையது. 2012 அக்டோபரில் கேம் வடிவமைப்பாளர் கிறிஸ் ராபர்ட்ஸ் இதற்கு நிதி திரட்ட ஆரம்பித்தார். 2014 நவம்பரில் கேம் கைக்கு வரும் என்பது அன்றைய கணக்கு. கிக்ஸ்டார்ட்டரில் வந்தது 21 லட்சம் டாலர். அதன்பின் அவர்களுடைய சொந்தத் தளத்தில் வசூல் நிற்கவே இல்லை. 2025-இல் மொத்தம் 80 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கேம் இன்னும் ஆல்ஃபா (முடியாத, சோதனை) நிலையில்தான் இருக்கிறது. அந்த விற்பனை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். விண்கலம் ஒன்றின் ஓவியத்தைக் காட்டி விற்பார்கள். கலம் கேமுக்குள் வர வருஷக் கணக்கில் ஆகலாம். அதுவரை ஓட்டிக்கொள்ள வேறொரு கலத்தை இரவலாகக் கொடுப்பார்கள். இல்லாத அந்தக் கலத்துக்கு ஆயுள் முழுக்க இன்ஷூரன்ஸ் வேறு உண்டு. 2018-இல் அநேகமாக எல்லாக் கலங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி 27,000 டாலர் விலை வைத்தார்கள். அந்தப் பக்கத்தைப் பார்ப்பதற்கே முன்னதாக ஆயிரம் டாலர் செலவழித்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு ஒருவர் தான் கொடுத்த 4,500 டாலரைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் போனார். கிடைக்கவில்லை. விதிமுறைகளுக்கு அவர் ஏற்கெனவே 'சம்மதம்' அழுத்தியிருந்தார். தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்று அதில் இருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்டார் சிட்டிஸனில் சந்தோஷமாக ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆல்ஃபாவே பெரிதாகத்தான் இருக்கிறது. ஆகவே அதை ஏமாற்று வேலை என்று ஒரே வார்த்தையில் முடிக்க மாட்டேன். என் குறை வேறு. முடித்துக் கொடுத்தால் வசூல் குறையலாம், முடிக்காமல் இருந்தால் தொடரும் என்ற நிலையில் ஒரு கம்பெனியை நாமே நிறுத்திவைத்தால், அது அவசரப்பட்டு முடிக்க என்ன காரணம் இருக்கிறது?

இதே கிக்ஸ்டார்ட்டரில்தான் ஹாலோ நைட் என்ற கேமும் பிறந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சில பேர் மட்டுமே இருந்த டீம் செர்ரி, 2014 இறுதியில் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டு 57,000 சொச்சம் வாங்கியது. 2017 பிப்ரவரியில் கேம் வந்தது. கூடுதல் நிதி இலக்குகளில் ஒன்றாக, ஹார்னெட் என்ற பாத்திரத்தை வைத்து ஆடும் ஒரு பகுதியைச் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அது வளர்ந்து வளர்ந்து சில்க்சாங் என்ற தனி கேமாகவே ஆகிவிட்டது. 2019-இல் அறிவித்து 2025 செப்டம்பர் 4 அன்று கொடுத்தார்கள். விலை 20 டாலர். ப்ரீ-ஆர்டர் கிடையாது. விமர்சகர்களுக்குக்கூட முன்கூட்டியே பிரதி கொடுக்கவில்லை. ஆரம்பத்தில் பணம் போட்டவர்களுக்கு முன்னால் வேறொருவர் ஆடுவது நியாயமில்லை என்பது அவர்கள் எண்ணம். பணம் போட்டவர்களுக்கு அந்த கேம் இலவசம். வெளியான நேரத்தில் ஸ்டீம் உட்படக் கேம் விற்கும் பல ஆன்லைன் கடைகள் கூட்டம் தாங்காமல் முடங்கின.

ஸ்டார் சிட்டிஸனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நல்லவர், கெட்டவர் என்று பார்த்தால் ஒன்றும் புரியாது. டீம் செர்ரியும் ஆறு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள், பெரும்பாலும் வாயே திறக்காமல். ஆனால் அந்த ஆறு வருஷமும் அவர்கள் நம்மிடம் ஒரு பைசா கூடுதலாகக் கேட்கவில்லை. ஹாலோ நைட் விற்ற காசில் சாப்பிட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். தாமதத்தின் செலவு அவர்களுடையது.

கிக்ஸ்டார்ட்டரில் இன்னொரு சங்கதி: பணம் போடுகிறவருக்குப் பங்கும் இல்லை, ஓட்டும் இல்லை. ஷென்மூ 3 என்ற கேமுக்கு 2015-இல் 63 லட்சம் டாலர் கொடுத்தவர்களில் பலர் ஸ்டீமில் கிடைக்கும் என்று நம்பிக் கொடுத்தார்கள். 2019-இல் கேம் முதலில் எபிக் என்ற போட்டிக் கடையில் மட்டும் என்று அறிவிப்பு வந்தது. கூச்சல் போட்ட பிறகுதான் ரீஃபண்ட் (பணத்தைத் திருப்பித் தருவது) பேச்சே எழுந்தது.

ஆகவே கிக்ஸ்டார்ட்டரில் கொடுப்பதைக் கோயில் உண்டியலில் போட்ட கணக்கில் எழுதிவிடுவது உத்தமம். திரும்பி வராவிட்டாலும் வருத்தப்படாத தொகை, சின்ன டீம், சின்ன வாக்குறுதி, கையில் ஓடக்கூடிய ஒரு டெமோ. இந்த நாலும் இருந்தால் நான் கொடுப்பேன். கூடுதல் இலக்குகளின் பட்டியல் பக்கத்தை விட்டு வழிந்தால் கொடுக்க மாட்டேன்.

பாதி வெந்ததை வாங்குவது

எர்லி ஆக்சஸ் 2013 மார்ச்சில் ஸ்டீமில் தொடங்கியது. இதில் நல்லது என்னவென்றால், கையில் ஏதோ ஒன்று வருகிறது. அதை ஆடிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். தொடக்க வரிசையில் வந்த கேம்களில் ஒன்று கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். ராக்கெட் கட்டி, வெடித்து, மறுபடி கட்டி, நிலவுக்குப் போகும் கேம். ஸ்க்வாட் என்ற மெக்சிகோ நிறுவனம் செய்தது. 2015 ஏப்ரலில் முழு வடிவத்துக்கு வந்தது. எர்லி ஆக்சஸ் எப்படி நடக்க வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவார்கள்.

அதே பெயரில் இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில் வந்தது. அதுவும் எர்லி ஆக்சஸ்தான். 2019-இல் அறிவித்து 2020-இல் தருவதாகச் சொன்ன கேம். விலை 50 டாலர், அதாவது முழு விலைக்குப் பக்கத்தில். உள்ளே என்ன இருந்தது? முதல் பாகத்தில் இருந்த அறிவியல் ஆராய்ச்சிப் பகுதி இல்லை. விண்ணிலிருந்து காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது கலம் சூடாவது இல்லை. இந்த இரண்டும் சேரப் பத்து மாதம் ஆனது. ராக்கெட் தலையாட்டி பொம்மையின் கழுத்து மாதிரி ஆடியது. பரிந்துரைத்த கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3080. அன்றைக்கு அந்தக் கார்டின் விலையில் ஒரு கம்ப்யூட்டரே வாங்கலாம். வேற்று நட்சத்திரங்கள், குடியேற்றங்கள், பலர் சேர்ந்து ஆடுவது எல்லாம் 'வரும்' என்ற வரைபடத்தில் இருந்தன. 2024-இல் தாய் நிறுவனமான டேக்-டூ ஆட்குறைப்பு செய்தது, ஸ்டூடியோ கலைந்தது. செய்ய ஆளில்லாத அந்த கேம் அதன்பிறகும் ஸ்டீமில் விற்பனைக்கு இருந்துகொண்டே இருந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பெயரை நம்பி வாங்கக் கூடாது. முதல் பாகத்தைச் செய்தவர்கள் வேறு, இரண்டாவதைச் செய்தவர்கள் வேறு. நடுவில் 2020-இல் ஒரு ஸ்டூடியோவிடமிருந்து வேலையைப் பிடுங்கி, அங்கிருந்த ஆட்களில் ஒரு பகுதியைக் கூட்டிக்கொண்டு புது ஸ்டூடியோ வைத்தார்கள். பெட்டியின் மேல் ஒட்டிய பெயர் மட்டும் அதேதான்.

மறுபக்கம் பால்டர்ஸ் கேட் 3. 2020 அக்டோபரில் எர்லி ஆக்சஸ், 2023 ஆகஸ்ட் 3 அன்று முழு கேம். லேரியன் ஸ்டூடியோஸ் முதல் அங்கத்தை மட்டும் முழு விலைக்கு விற்றது. ஆனால் அந்த ஒரு அங்கமே பல நாள் ஆடும் அளவுக்கு இருந்தது. யாருக்கு ஏற்றதில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார்கள்: சேமித்து வைத்த ஆட்டம் முழு கேமுக்கு வராது, பக் (பிழை) இருக்கும், அவசரமில்லாதவர்கள் காத்திருங்கள். ஹேடிஸ் கேமும் இப்படித்தான், 2018 டிசம்பரில் தொடங்கி 2020 செப்டம்பரில் முடிந்தது. ஃபாக்டோரியோ ஒரு படி மேலே போய்த் தள்ளுபடியே தர மாட்டோம் என்று சொல்லிவிட்டது. காத்திருந்தால் விலை ஏறுமே தவிர இறங்காது. 2023-இல் 30 டாலர் 35 ஆனது.

எர்லி ஆக்சஸில் நாம் கேட்க வேண்டிய கேள்வியை ஸ்டீமே அந்தப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. இப்போது இருக்கும் நிலையில் இதை ஆட ஆசை இல்லையென்றால் பொறுங்கள் என்று. யாரும் அதைப் படிப்பதில்லை. அதற்குக் கீழே டெவலப்பர் எழுதிய பதில்கள் இருக்கும். எவ்வளவு காலம் ஆகும், என்னென்ன சேர்ப்பீர்கள், முடிந்ததும் விலை ஏறுமா. அவற்றைவிட முக்கியம் அப்டேட் வந்த தேதிகள். கடைசி அப்டேட் எட்டு மாதத்துக்கு முன் என்றால் பக்கத்தில் உள்ள வாக்குறுதிகளுக்கு மதிப்பில்லை. 2025-இலிருந்து, ஒரு வருஷத்துக்கு மேல் அப்டேட் வராத கேம்களில் ஸ்டீம் தானே ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டுகிறது. ரிவ்யூக்களில் 'சமீபத்தியவை', 'மொத்தம்' என்று இரண்டு கணக்கு இருக்கும். சமீபத்தியது சிவந்து (மோசம்), மொத்தம் நீலமாக (நல்லது) இருந்தால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

எர்லி ஆக்சஸின் அடிமட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தி டே பிஃபோர். ஸ்டீமில் அதிகம் பேர் விஷ்லிஸ்டில் (வாங்க நினைப்பவற்றின் பட்டியல்) வைத்திருந்த கேமாக ஒரு காலத்தில் இருந்தது. மாபெரும் திறந்த உலகம், ஏராளமானோர் சேர்ந்து ஆடலாம் என்றெல்லாம் டிரெய்லர். 2023 டிசம்பர் 7 அன்று 40 டாலருக்கு வந்தது, டிரெய்லருக்கும் கேமுக்கும் சம்பந்தமே இல்லாமல். டிசம்பர் 11 அன்று ஃபன்டாஸ்டிக் ஸ்டூடியோ கடையை மூடுவதாக அறிவித்தது. அடுத்த ஜனவரி 22-இல் சர்வரும் நின்றது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, ஸ்டீம் வழியாக வாங்கியதால். 2024-இல் அதே ஸ்டூடியோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, புது கேமுக்குப் பணம் வேண்டி கிக்ஸ்டார்ட்டரில் வந்து நின்றது. துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

ப்ரீ-ஆர்டர்

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. கடையில் டிஸ்க் தீர்ந்துபோகும் என்ற காலத்தில் முன்பதிவுக்கு அர்த்தம் இருந்தது. டவுன்லோட் தீர்ந்துபோகாது. பதிலுக்குக் கிடைப்பது கேமுக்குள் துப்பாக்கிக்கு ஒரு புதுத் தோற்றம், ஒரு சட்டை, அல்லது அதிக விலைப் பதிப்புக்கு மூன்று நாள் முன்னதாக அனுமதி. அதாவது மற்றவர்களுக்கு முன்னால் பக்குகளைச் சந்திக்கும் உரிமை.

கம்பெனிக்கு இதனால் என்ன லாபம் என்பதைப் பாருங்கள். கேமின் தரம் வெளியே தெரிவதற்குள் விற்பனை முடிந்துவிடுகிறது. சைபர்பங்கின் விஷயத்தில் வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குப் போனது பிசி பதிப்பு மட்டும்தான். கன்சோலில் எப்படி ஓடுகிறது என்று யாரும் காட்ட முடியவில்லை. இத்தனை அமளிக்கும் பிறகு, ரீஃபண்ட் கழித்து, டிசம்பர் 20-க்குள் 1 கோடியே 30 லட்சம் பிரதி விற்றது. பிறகு கம்பெனி வருஷக் கணக்காக உழைத்து கேமைச் சரிசெய்தது என்பதும் உண்மை. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அது வேறு கேம். ஆனால் அந்த வேறு கேமை முதலில் ஆடியவர்கள் முன்பணம் கட்டியவர்களா? 2023-இல் பாதி விலையில் வாங்கியவர்களும் அதே நாளில்தான் ஆடினார்கள்.

நோ மேன்ஸ் ஸ்கை என்ற விண்வெளி கேமும் இதே பாதை. 2016 ஆகஸ்டில் வெளியான முதல் நாளே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். ஒருவருக்கு ஒருவர் தெரியவில்லை. சந்திக்க முடியும், வாய்ப்புதான் மிகக் குறைவு என்று அதைச் செய்த ஹெலோ கேம்ஸின் ஷான் முர்ரே பேட்டிகளில் சொல்லியிருந்தார். பலர் சேர்ந்து ஒழுங்காக ஆடும் வசதி 2018 ஜூலையில் வந்தது. அதன்பிறகு ஹெலோ கேம்ஸ் வருஷா வருஷம் இலவச அப்டேட் கொடுத்து நல்ல பெயரை மீட்டுக்கொண்டது. அவர்களைப் பாராட்டுகிறேன். இதைக் காட்டி "எல்லா கேமும் பின்னால் சரியாகிவிடும்" என்று சொல்கிறவர்களோடு மட்டும் உடன்பட முடியவில்லை. ஆந்தம் என்ற ஆன்லைன் கேமுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. 2019-இல் வந்தது, மறுசீரமைப்பு வேலை 2021-இல் கைவிடப்பட்டது, 2026 ஜனவரி 12 அன்று சர்வர் நின்றது.

ரீஃபண்ட் இருக்கிறதே என்று கேட்கலாம். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள். ப்ரீ-ஆர்டரை வெளியீட்டுக்கு முன் எப்போதும் ரத்து செய்யலாம். பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோடே ஆரம்பித்திருக்கக் கூடாது. ஆடாமலேயே கேம் மோசம் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது பயன்படும்.

வாடகைக்கு ஆடுவது

கேம் பாஸில் நஷ்டம் மிகக் குறைவு. 2023 மே மாதம் ரெட்ஃபால் என்ற கேம் வந்தபோது விலை கொடுத்து வாங்கியவர்கள் நொந்துகொண்டார்கள். சந்தாவில் ஆடியவர்கள் அரை மணியில் அழித்துவிட்டு வேறு கேமுக்குப் போனார்கள். மலிவாக இருந்த காலம் போய்விட்டது என்பதுதான் இப்போதைய குறை. அமெரிக்காவில் அல்டிமேட் சந்தா 2025 அக்டோபரில் மாதம் 20 டாலரிலிருந்து 30 ஆனது. மாதம் இரண்டு மூன்று கேமாவது தொட்டுப் பார்க்கிறவருக்குத்தான் இனி கட்டும். ஒரே கேமை மூன்று மாதம் ஆடுகிறவர் வாங்கிவிடுவது மேல்.

சந்தாவில் ஆடினால் நல்ல ஸ்டூடியோ பிழைக்கும் என்று நினைத்தால் அதுவும் நிச்சயமில்லை. 2023 ஜனவரியில் ஹை-ஃபை ரஷ் என்ற கேம் கேம் பாஸில் எந்த விளம்பரமும் இல்லாமல், அறிவித்த அன்றே வெளியானது. எல்லோரும் கொண்டாடினார்கள். 2024 மே 7 அன்று மைக்ரோசாஃப்ட் மூடிய ஸ்டூடியோக்களின் பட்டியலில், ரெட்ஃபாலைச் செய்த ஆர்க்கேன் ஆஸ்டினும் இருந்தது, ஹை-ஃபை ரஷ்ஷைச் செய்த டேங்கோவும் இருந்தது. மோசமான கேமுக்கும் நல்ல கேமுக்கும் ஒரே நாளில் ஒரே கதி. டேங்கோவைப் பிறகு கொரியாவின் கிராஃப்டான் வாங்கிக் காப்பாற்றியது தனிக்கதை.

டெவலப்பர் மீது கோபப்படும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். தேதியை முடிவு செய்கிறவர், டிரெய்லர் வெட்டுகிறவர், ஸ்டூடியோவை மூடுகிறவர் ஒருவர். ராத்திரி கண் விழித்து பக் திருத்துகிறவர் வேறொருவர். திட்டு வாங்குகிறவர் பெரும்பாலும் இரண்டாமவர்.

பொறுத்து வாங்குவது, அதற்கும் ஒரு விலை

பெரிய கேம்களுக்கு என் பதில் இதுதான். ஒரு வருஷம் பொறுத்தால் பேட்ச் வந்திருக்கும், விலை இறங்கியிருக்கும், டிஎல்சி (தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்) சேர்த்த பதிப்பு வந்திருக்கும், யாருடைய வாக்குறுதியையும் நம்ப வேண்டியிருக்காது. பிஎஸ்5-இல் 4,999 ரூபாய்க்கு வரும் கேமை அதில் பாதிக்கும் குறைவாக வாங்குகிற வாய்ப்பு பெரும்பாலும் வந்துவிடுகிறது. இந்தப் பொறுமையால் பெரிய கம்பெனி ஒன்றும் தலையில் துண்டு போட்டுக்கொண்டு உட்காராது.

ஆன்லைன் கேமில் மட்டும் பொறுப்பது இரண்டு பக்கமும் வெட்டும். 2024 ஆகஸ்ட் 23-இல் வந்த கான்கார்ட் செப்டம்பர் 6-இல் அணைக்கப்பட்டது. காத்திருந்தவர் ஆடவே இல்லை. வாங்கியவருக்குப் பணம் திரும்ப வந்தது. ஒன்பது வருஷத்துக்கு மேல் ஓடிய தி க்ரூ 2024 மார்ச் 31-இல் நின்றபோது வாங்கியவர் கையில் எதுவும் மிஞ்சவில்லை. அதிலிருந்து கிளம்பியதுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' (கேம்களைக் கொல்வதை நிறுத்துங்கள்) இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025-இல் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

சின்ன டீம்களுக்கு நம் பொறுமை நேரடியாக வலிக்கும். ஸ்டீம் விற்பனையில் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஒரு கோடி டாலரைத் தாண்டினால்தான் 25, ஐந்து கோடியைத் தாண்டினால் 20. அதாவது சலுகை பெரிய மீனுக்கு. சின்ன கேமுக்கு முதல் சில வாரத்து விற்பனைதான் கடையில் முகம் தெரிய வைக்கும். அந்த வாரங்களில் நாம் எல்லோரும் விஷ்லிஸ்டில் போட்டுவிட்டு எழுபது சதவீதத் தள்ளுபடிக்குக் காத்திருந்தால், அடுத்த கேம் செய்ய அந்த ஆள் இருக்க மாட்டார்.

நமக்குப் பாதுகாப்பான இரண்டு மணி நேர ரீஃபண்ட் விதிகூட அவர்களுக்கு ஆபத்து. 2021-இல் எமிகா கேம்ஸ் என்ற ஒற்றை ஆள் ஸ்டூடியோ, 'சம்மர் ஆஃப் 58' என்ற தன் கேமை முழுதாக முடித்துவிட்டு, நல்ல ரிவ்யூவும் எழுதிவிட்டு, பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள் என்று சொல்லித் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. கேமின் நீளம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. டொரோண்டோவிலிருந்து 2023-இல் வந்த வெண்பாவும் அந்த நீளம்தான்: கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பு, இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்ற புதிர். ஒரே உட்காரலில் முடிந்துவிடும். முடித்துவிட்டு ரீஃபண்ட் கேட்க ஸ்டீம் அனுமதிக்கும். அனுமதிக்கிறது என்பதற்காகச் செய்துவிடலாமா என்ன?

ஆகவே என் வழக்கம் இது. ஆயிரம் ரூபாய்க்குள், சின்ன டீம், டெமோ பிடித்திருந்தது என்றால் முதல் வாரமே வாங்கிவிடுவது. எர்லி ஆக்சஸ் என்றால் இன்றைக்கு இருப்பதற்கு அந்த விலை தகுமா என்று மட்டும் பார்ப்பது. 'வரும்' என்ற பட்டியலுக்குப் பூஜ்ஜியம் மதிப்பு. பெரிய கம்பெனியின், ஒருவர் தனியாக ஆடும் கேம் என்றால் முதல் பெரிய சேல் வரை விஷ்லிஸ்டில் தூங்கட்டும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து முதல் நாளே ஆடப் போகிறார்கள், நான் மட்டும் வெளியே நிற்க முடியாது என்றால், வெளியான அன்று மாலை நாலு ரிவ்யூ பார்த்துவிட்டு வாங்குவேன். நான் வைத்திருக்கும் அதே கன்சோலில் பதிவு செய்த வீடியோ ஒன்றாவது அதில் இருக்க வேண்டும்.

பிஎஸ்5-இல் டிஸ்க் போடும் மாடல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. டிஸ்க்காக வாங்கி, ஆடி முடித்து, சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கமோ ஆன்லைனிலோ செகண்ட்-ஹேண்டாகத் தள்ளிவிடலாம். டிஜிட்டலில் இது நடக்காது. வாங்கும் முன் அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, ஆட இணைய இணைப்பு கட்டாயமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டாயம் என்றால் சர்வர் நிற்கும் நாளில் டிஸ்க் இருந்தும் பயனில்லை, அதைச் செகண்ட்-ஹேண்டாக வாங்கவும் ஆள் வராது.